ஆறு வரும்போது வாருங்கள்

ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, வலங்கைமான் பக்கத்தில் கணவரோடு வசிக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி: என் கணவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. எங்கே கூப்பிட்டாலும் "பையன் காரோடு வரட்டும், போகலாம்" என்கிறார். பையன் பெங்களூரிலிருந்து எப்போதாவதுதான் வருகிறான். வீட்டுக்குள்ளேயே இருந்து எனக்கு மூச்சு முட்டுகிறது.
– வாசகி, மன்னார்குடி

பதில்: பையன் வரும் நாலு நாளும் கல்யாண வீடு, சிநேகிதர்கள், சாமி கும்பிடுவது என்று ஓடிவிடும், சகோதரி. உங்கள் வருஷம் முழுக்க உள்ள ஆசையை அந்த நாலு நாளுக்குள் அடைக்க முடியாது.

மன்னார்குடியில் இருந்துகொண்டு கார் எதற்கு? தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறி வடுவூரில் இறங்குங்கள். ஏரி ரோட்டுப் பக்கமே இருக்கிறது. பாசன ஏரிதான், ஆனால் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022ல் இடம் பிடித்த ஏரி. சித்திரை, வைகாசியில் போனால் காய்ந்து கிடக்கும். தண்ணீர் வந்து நிறைந்த பிறகு, கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் போய்ப் பாருங்கள். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா, வடக்கேயிருந்து வரும் ஊசிவால் வாத்து எல்லாம் ஒரே தண்ணீரில் இருக்கும். விடிந்ததும் கிளம்பினால் ஏரியைப் பார்த்துவிட்டு, கோதண்டராமரையும் சேவித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அரசு சாதாரண டவுன் பஸ்ஸாக அமைந்தால் 2021லிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அவருக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும்.

வேலையில் இருந்த ஆண்களைச் சும்மா வாருங்கள் என்று கூப்பிட்டால் வரமாட்டார்கள். ஒரு வேலை கொடுத்துக் கூப்பிட வேண்டும். எங்க வீட்டுக்காரர் பொதுப்பணித் துறையில் பாசன ஆய்வாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற புதிதில் திண்ணையை விட்டு இறங்க மாட்டார். "குடமுருட்டியில் இன்னைக்குத் தண்ணி எவ்வளவு போகுது, பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தேன். இப்போது நான் கேட்காமலே போகிறார், வரும்போது பாலத்தில் பார்த்தவர்களின் சேதியும் சேர்ந்து வருகிறது. உங்கள் வீட்டுக்காரருக்குக் கணக்குதான் கை வந்தது. ஒரு நோட்டைக் கொடுத்து, எந்தப் பறவை எத்தனை என்று எழுதச் சொல்லுங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டம்மாவோடு நீங்கள் போய் வாருங்கள். அவர் வருகிறவரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: என் பெற்றோர் நீடாமங்கலம் பக்கம் கிராமத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொரு மே மாதமும் குழந்தைகளோடு போய்ப் பத்து நாள் தங்குகிறோம். குழந்தைகள் இரண்டாம் நாளே போனை எடுத்துக்கொண்டு ஃபேனுக்குக் கீழே படுத்துவிடுகிறார்கள். அம்மாவுக்கு வருத்தமாக இருக்கிறது. இவர்களை எங்கே கூட்டிப்போவது?
– வாசகர், சென்னை

பதில்: தம்பி, முதலில் மே மாதம் வருவதை நிறுத்துங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28ல் மூடி ஜூன் 12ல் திறப்பது. நடுவில் உள்ள நாலரை மாதம் ஆற்றில் மணல்தான் இருக்கும். உளுந்தும் பயறும் எடுத்த வயல் வெடித்துக் கிடக்கும். நாற்று கிடையாது, வாய்க்காலில் மீன் கிடையாது, ராத்திரி தவளைச் சத்தம்கூடக் கிடையாது. வருஷத்திலேயே எங்கள் ஊர் வெறுமையாக இருக்கும் நாட்களைப் பார்த்து வருகிறீர்கள். குழந்தைகளுக்கு ஊர் பிடிக்காமல் போனால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

காலாண்டு விடுமுறைக்கு வாருங்கள். ஒரு வயலில் குறுவை அறுத்துக்கொண்டிருப்பார்கள், அடுத்த வயலில் நடவு நடக்கும். சென்னைப் பிள்ளைகள் இரண்டையும் ஒரே நாளில் ஒரே வரப்பில் நின்று பார்ப்பார்கள். அரையாண்டு விடுமுறை அதைவிட நல்லது. மார்கழிப் பனி, சம்பா பச்சை, ஏரியெல்லாம் பறவை. பள்ளிக்கூடத்தில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன், அந்த விடுமுறையில் கொடுக்கும் வீட்டுப்பாடத்தை எல்லாம் வரப்பில் உட்கார்ந்தே முடித்துவிடலாம்.

ஜூன் 12 என்பதும் ஒவ்வொரு வருஷமும் அப்படியே நடப்பதில்லை. 2022ல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024ல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை கடைசி வரை தள்ளிப்போனது. அதனால் டிக்கெட் எடுக்கும் முன் அப்பாவுக்குப் போன் செய்து "ஆத்துல தண்ணி வந்துடுச்சாப்பா?" என்று கேளுங்கள். பையன் கேட்டான் என்பதற்காகவே அவர் தினமும் ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

சரி, எங்கே போவது? உங்கள் வீட்டு வயலுக்கு வரும் தண்ணீரைப் பின்தொடர்ந்து போங்கள். எங்கள் பேரப்பிள்ளைகளை எங்க வீட்டுக்காரர் இப்படித்தான் கூட்டிப்போனார், நானும் கூடப் போனேன்.

முதல் நாள் கல்லணை. கரிகாலன் பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். பாலத்தில் கிழக்கே பார்த்து நிற்க வையுங்கள். இடது கோடியில் கொள்ளிடம், அப்புறம் காவிரி, அப்புறம் வெண்ணாறு, வலது கோடியில் கல்லணைக் கால்வாய். கல்லணைக் கால்வாய் மட்டும் ஆள் வைத்து வெட்டியது. மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்ந்து 1934ல் முடிந்தது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் எல்லாம் அதில்தான் பாசனம். கொள்ளிடம் தாழ்வான ஆறு. விட்டால் காவிரித் தண்ணீர் முழுக்க அதில் சரிந்து கடலுக்குப் போய்விடும். அப்படிப் போகாமல் தடுத்து, தஞ்சாவூர்ப் பக்கம் திருப்பத்தான் கல்லையும் மண்ணையும் வைத்து அந்தக் காலத்திலேயே அணை கட்டினார்கள். வெள்ளம் வரும்போது மிஞ்சுகிற தண்ணீரைக் கொள்ளிடத்தில் விடுவார்கள். இதைச் சொன்னதும் எங்கள் பேரன் "தாத்தா, இதைத் திறந்தா என்ன ஆகும், அதை மூடினா என்ன ஆகும்" என்று ஒவ்வொரு மதகாகக் கேட்டான். அவருக்கு அன்று முழுக்கப் பேச விஷயம் கிடைத்தது. வேலையில் இருந்தபோதுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

மறுநாள் வெளியூரே வேண்டாம். உங்கள் நீடாமங்கலத்திலேயே மூணாறு தலைப்பு இருக்கிறது. கல்லணையில் பார்த்த அதே வெண்ணாறு அங்கே வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. குழந்தைகள் தாங்களே அடையாளம் கண்டுபிடிப்பார்கள். இன்னொரு நாள் முத்துப்பேட்டை. கோரையாறும் பாமணியாறும் போய்ச் சேரும் இடத்தில்தான் அலையாத்திக் காடு. வனத்துறை அனுமதியோடு படகில் போகலாம், முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. குடிதண்ணீர், குடை, தொப்பி எல்லாம் நீங்கள்தான் எடுத்துப்போக வேண்டும். படகில் கொடுக்கும் மிதவை அங்கியைப் பெரியவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சேதி இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் கரையை என்ன செய்தது என்று உங்கள் அப்பாவைக் கேட்டால் சொல்வார்.

கேள்வி: எனக்கு 70 வயது, மனைவிக்கு 66. அவளுக்கு முட்டி வலி. கோயில் பார்க்க ஆசை, ஆனால் படி ஏற முடியவில்லை.
– வாசகர், கும்பகோணம்

பதில்: சுவாமிமலையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 60 தமிழ் வருஷத்துக்கு 60 படி என்று சொல்லி ஏற ஆரம்பித்து, பாதியில் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குத் தாராசுரம் பக்கம்தான், ஆட்டோவிலேயே போய்விடலாம். அதிகம் நடக்க வேண்டியதில்லை, சில படிகள்தான் இருக்கும். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகளைச் சாண் உயரச் சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். பத்துப் பத்தாகப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து ஓய்வெடுத்து, இன்னொரு நாள் மிச்சத்தைப் பார்க்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் உள்ளூர்க்காரர்களுக்கு இல்லை. மத்தியானம் மட்டும் போகாதீர்கள், வெறுங்காலில் கல் சுடும். நாலு மணிக்கு மேல் போங்கள், பையில் ஒரு ஜோடி பருத்திக் காலுறை இருக்கட்டும்.

கேள்வி: மகள், மாப்பிள்ளை, பிள்ளைகள் வந்தால் எல்லாரும் வெளியே போகிறார்கள், நான் அடுப்படியில் நிற்கிறேன். திரும்பி வரும்போது சுடச்சுடச் சாப்பாடு இருக்க வேண்டுமே. சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, திருவாரூர்

பதில்: கூச்சப்படாமல் மகளிடம் சொல்லுங்கள். அவர்கள் உங்களைப் பார்க்க வருகிறார்கள், நீங்களோ அடுப்பைப் பார்த்து நிற்கிறீர்கள். எனக்கு இது மனசுக்குப் பொறுக்காத விஷயம்.

வெளியே போகும் நாளில் காலைக்குப் பிறகு அடுப்பு பற்ற வைப்பதில்லை என்று முடிவு செய்யுங்கள். முதல் நாள் ராத்திரியே புளிக்காய்ச்சல் செய்து வைத்துவிடுங்கள். விடியற்காலையில் சாதத்தை உதிராக வடித்து, தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு நன்றாக ஆறவிட்டுக் கலக்குங்கள். ஆறாமல் மூடினால் வியர்த்துக் கெட்டுவிடும். தயிர்சாதத்தைக் குழைய வடித்து, காய்ச்சி ஆறின பாலை ஊற்றி, தயிரை ஒரு கரண்டி மட்டும் விடுங்கள். மதியத்துக்குள் தோய்ந்து சரியாக இருக்கும், புளிக்காது. இட்லியில் மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டினால் பிள்ளைகளுக்குப் போதும். வடகம் வறுப்பது, பாட்டிலில் தண்ணீர் பிடிப்பது, இலை நறுக்குவது எல்லாம் உங்கள் வீட்டுக்காரர் பொறுப்பு. கடலைப் பார்த்துக்கொண்டோ ஆற்றங்கரை மர நிழலிலோ இலை போட்டுப் பரிமாறுங்கள். மாப்பிள்ளை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

கேள்வி: மகள் வீட்டுக்கு வெளிமாநிலம் போகிறோம். ஓய்வூதிய நேர்காணல் மாதம் நடுவில் வருகிறது. அதற்காகத் திரும்பி வர வேண்டுமா?
– வாசகர், பாபநாசம்

பதில்: வேண்டாம். மின்னணு வாழ்நாள் சான்றிதழை அங்கிருந்தே கொடுக்கலாம். தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை வைத்துப் பதிவு செய்கிறார், கட்டணம் 70 ரூபாய். ஆதார், ஓய்வூதியக் கொடுப்பாணை எண், வங்கிக் கணக்குப் புத்தகம், போன் நான்கையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கேள்வி: ஆடிப்பெருக்குக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். ஆற்றுக்குக் கூட்டிப்போக ஆசை, பயமாகவும் இருக்கிறது.
– வாசகி, திருவையாறு

பதில்: கட்டாயம் கூட்டிப்போங்கள், ஆனால் பயத்தையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். மணல் எடுத்த இடங்களில் ஆற்றுக்குள் பள்ளம் இருக்கும், மேலே நின்று பார்த்தால் தெரியாது. கொள்ளிடத்தில் அன்று இறக்கவே வேண்டாம். 2024ல் ஜூலை 30ஆம் தேதி மேட்டூர் அணை நிரம்பி 120 அடியைத் தொட்டது, ஆடி 18க்குள் கொள்ளிடத்தில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட வருஷத்தில் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று அறிவிப்பு வந்தால் அதை மீறாதீர்கள். தாத்தா பாட்டி கூட இருக்கிறார்களே என்று பிள்ளைகள் தைரியமாக இறங்கும், ஓடிப் பிடிக்க நம் காலுக்கு வேகம் போதாது.

படித்துறையின் மேல் படியிலேயே மஞ்சள் பிள்ளையார் பிடித்து வையுங்கள். காப்பரிசி, காதோலை கருகமணி, பழம், மஞ்சள் கயிறு எல்லாம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து பிள்ளைகள் தலையில் நீங்களே ஊற்றுங்கள். சின்னவனுக்கு ஒரு சப்பரம் வாங்கிக் கொடுங்கள். வீட்டிலிருந்து கரை வரைக்கும் அதை இழுத்து வருவதிலேயே அவன் நேரம் போய்விடும், தண்ணீருக்குள் இறங்குகிறேன் என்று அடம் பிடிக்க மாட்டான். பெரியவன் கையை உங்கள் வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ளட்டும். காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் படியில் நெரிசல் இருக்காது. சித்திரான்னங்களை வீட்டுக்கு வந்து சாப்பிடலாம்.