கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு ஹர்லிங் ஒட்டுமா?

அயர்லாந்துக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, வீட்டில் எல்லாருக்கும் கிரிக்கெட்தான் உயிர், இங்கே வேலை செய்யும் இடத்தில் யாரைப் பார்த்தாலும் மட்டையால் சின்னப் பந்தை அடித்து ஆடும் ஹர்லிங், கையாலும் காலாலும் ஆடும் கேலிக் கால்பந்து என்று இந்த நாட்டு ஆட்டங்களைப் பற்றியே பேசுகிறார்கள், அதெல்லாம் நமக்கு ஒட்டுமா, பிள்ளையை அந்த கிளப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒருவர், "வெள்ளைக்காரன் ஆட்டத்தை ரசிப்பதாக நடிக்க வேண்டாம், நமக்குக் கிரிக்கெட் போதும்" என்று பதில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஒட்டும். எனக்கு ஒட்டியது. இதில் நடிப்பு ஒன்றும் இல்லை.

நான் நாகர்கோவில் பக்கம். கார்க் நகரில் நர்ஸாக ஒன்பது வருஷம். "பொம்பளைக்கு என்ன கிரிக்கெட் தெரியும்" என்று யாராவது தொடங்குவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். 2011 மார்ச் 2 அன்று பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னசாமி மைதானத்தில் இங்கிலாந்து 327 அடித்திருந்தது. அயர்லாந்து 111க்கு 5. ஆஸ்பத்திரி கேன்டீனில் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள், நான் உட்கார்ந்திருந்தேன். தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்த கெவின் ஓ பிரையன் 50 பந்தில் சதம் அடித்து ஆட்டத்தைப் புரட்டிப் போட்டார். அயர்லாந்து என்று ஒரு நாடு என் மனதில் பதிந்தது அன்றைக்குத்தான். ஐந்து வருஷம் கழித்து அங்கேயே வேலை கிடைத்துப் போவேன் என்று அப்போது நினைத்திருக்கவில்லை.

வந்த புதிதில் எனக்கும் உங்களைப் போலத்தான் இருந்தது. வார்டில் எல்லாரும் பேசுவார்கள், எனக்குப் பாதி புரியாது. ஸ்கோரே புரியாது. உங்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 3-27 என்றால் மூன்று கோல், 27 புள்ளி. ஒரு கோலுக்கு மூன்று, பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒன்று. ஆக 36. ஒரு பக்கம் 15 பேர். மாவட்ட அணிகளுக்கு 70 நிமிஷ ஆட்டம். இவ்வளவு தெரிந்தால் போதும், மற்றது தானாக வரும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. மகள் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள், அந்த ஒரு தமிழ் வார்த்தைக்கு அவர் திரும்பிப் பார்ப்பார். ஒருநாள் வேலிக்கு மேலாக ஹர்லிங் பந்தை என் கையில் கொடுத்தார், ஸ்லிட்டர் என்று பெயர். அளவில் கிரிக்கெட் பந்து மாதிரிதான். ஆனால் லேசு, 110, 120 கிராம் வரும். கிரிக்கெட் பந்தில் தையல் ஒரு கோடாக ஓடும். இதில் தையல் விளிம்புகள் வயல் வரப்பு மாதிரி எழும்பி நிற்கின்றன, விரல் போய் அங்கே பிடிக்கிறது. அப்புறம் அவருடைய ஹர்லி மட்டை. ஆஷ் மரத்தில், வேரை ஒட்டி வளையும் அடிப்பாகத்திலிருந்து அறுத்துச் செய்வது. மர இழை அந்த வளைவோடு சேர்ந்து திரும்பினால்தான் அடி தாங்கும். நுனியில் பிளக்காமல் இருக்க ஒரு தகரப் பட்டை, பிடியில் சுற்றிய டேப். நம் மட்டை வில்லோ, இவர்கள் மட்டை ஆஷ். 2012இலிருந்து இங்கே ஆஷ் மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய் வந்து கருகுகின்றன. இப்போது மூங்கிலிலும் செயற்கைப் பொருளிலும் மட்டை வருகிறது. பெரியவர் அதைச் சொல்லும்போது, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்பது போலச் சொன்னார்.

அவர் சொன்ன இன்னொன்று என்னை உலுக்கியது. கேலிக் விளையாட்டுகளை நடத்தும் ஜிஏஏ என்ற சங்கம் 1884இல் தர்லஸ் ஊரில் தொடங்கியது. அதில் உறுப்பினராக இருப்பவர் கிரிக்கெட், ரக்பி, கால்பந்து, ஹாக்கி ஆடக் கூடாது, போய்ப் பார்க்கவும் கூடாது என்று ஒரு விதி 1971 வரை இருந்தது. யார் போகிறார்கள் என்று கண்காணிக்கவே ஆட்கள் இருந்தார்களாம். 1938இல் நாட்டின் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட் ஒரு கால்பந்து ஆட்டத்துக்குப் போனார் என்று அவரையே புரவலர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். இவ்வளவுக்கும் சங்கத்தைத் தொடங்கிய மைக்கேல் கியூசாக் கிரிக்கெட் ஆடியவர். நம் பெரியவர் இளைஞராக இருந்தபோது மார்டைக் மைதானத்தில் கிரிக்கெட் பார்க்கத் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். "நமக்குக் கிரிக்கெட் போதும்" என்று எழுதிய அன்பருக்குச் சொல்கிறேன், இங்கேயும் ஒரு காலத்தில் நம் ஆட்டம், அவன் ஆட்டம் என்று வேலி போட்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது, பிரிட்டிஷ்காரன் ஆட்சியில் பட்ட அடி அப்படி. 1920 நவம்பர் 21 அன்று டப்ளினில் ஜிஏஏவின் குரோக் பார்க் மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போதே பிரிட்டிஷ் படையினர் சுட்டு 14 பேர் செத்தார்கள், ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் ஹோகனும் அதில் ஒருவர். அப்படிப்பட்டவர்களே அந்த வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். அயர்லாந்துக்காரர்களையும் சேர்த்து "வெள்ளைக்காரன்" என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் கதைக்கு வருகிறேன். 2024 ஜூலை 21, அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதி ஆட்டம், எங்கள் கார்க் மாவட்டமும் கிளேர் மாவட்டமும். டிக்கெட் கிளப்புகள் வழியாகத்தான் வரும், எங்களுக்குக் கிடைக்கவில்லை. பெரியவர் வீட்டில் பார்த்தோம். கிளேரின் டோனி கெல்லி ஆட்களுக்கு நடுவே பந்தை மட்டையிலேயே தட்டி ஏந்திக்கொண்டு போய்ப் போட்ட கோல் இருக்கிறதே, எதிரணிக்காரியான நானே எழுந்து நின்றுவிட்டேன். கூடுதல் நேரம் போய் கிளேர் 3-29, கார்க் 1-34. கணக்குப் போட்டால் 38க்கு 37. ஒரே ஒரு புள்ளி. கடைசி நொடியில் கார்க் ஆட்டக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தது திரையில் தெளிவாகத் தெரிந்தது, விசில் ஊதவில்லை. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் இந்தியா தோற்ற பிறகு நெஞ்சில் உட்கார்ந்த அதே கல் அன்றைக்கும் வந்து உட்கார்ந்தது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, இது என் அணி ஆகிவிட்டது என்று. ஜெயிக்கும்போது கூடச் சேர்ந்து யாரும் கத்தலாம். தோற்ற ராத்திரி சோறு இறங்கவில்லை என்றால் அதை யாராலும் நடிக்க முடியாது.

அடுத்த ஞாயிறு, ஜூலை 28. நைட் டியூட்டி முடித்து வந்தவள் தூங்கவில்லை. பெல்ஃபாஸ்ட் ஸ்டோர்மொன்ட் மைதானத்தில் ஜிம்பாப்வேயோடு டெஸ்ட், நான்காம் நாள். 158 இலக்கு, அயர்லாந்து 21க்கு 5 என்று சரிந்திருந்தது. போனைத் தூக்கிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். லோர்கன் டக்கரும் ஆண்டி மெக்பிரைனும் நின்ற நிலை இருக்கிறதே! விக்கெட் என்றால் என்ன, ஏன் அடிக்காமல் விடுகிறார்கள் என்று அவர் கேட்கக் கேட்க நான் சொன்னேன். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக நான் சொல்லிக்கொடுக்க, அவர் கற்றுக்கொண்டார். நான்கு விக்கெட்டில் ஜெயித்தார்கள், சொந்த மண்ணில் முதல் டெஸ்ட் வெற்றி. பிற்பகலே குரோக் பார்க்கில் கேலிக் கால்பந்து இறுதி, அர்மா 1-11, கால்வே 0-13. பெல்ஃபாஸ்டும் அர்மாவும் பிரிட்டன் ஆளும் வடக்கில் இருக்கின்றன. ஆனாலும் கிரிக்கெட் அணியும் தீவு முழுக்க ஒன்று, ஜிஏஏவும் தீவு முழுக்க ஒன்று. உலகமெல்லாம் ஆடும் சாதாரணக் கால்பந்தில்தான் வடக்குக்கும் தெற்குக்கும் இரண்டு அணிகள். "இன்றைக்குத் தொப்பியை இறக்காமல் கிரிக்கெட் பார்த்தேன்" என்று பெரியவர் சொன்னார்.

2025 பற்றிச் சொல்ல இன்னும் மனசு ஆறவில்லை. லீக் ஜெயித்தோம். தெற்கு மாகாணமான மன்ஸ்டரின் இறுதியில் லிமரிக் மாவட்டத்தை பெனால்டியில் ஜெயித்தோம். 2005க்குப் பிறகு அகில அயர்லாந்து ஹர்லிங் சாம்பியனுக்குத் தரும் லியாம் மெக்கார்த்தி கோப்பை வரப்போகிறது என்று ஊரே சிவப்புக் கொடி கட்டியிருந்தது. ஜூலை 20, டிப்பரேரியோடு இறுதி. இடைவேளையில் ஆறு முன்னிலை. இரண்டாம் பாதியில் மொத்தமே இரண்டு புள்ளி எடுத்தோம், அவர்கள் 3-14. முடிவு 3-27க்கு 1-18. கார்க் அடித்த பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பர் ரீஸ் ஷெல்லி தன் பங்குக்கு ஒரு புள்ளியும் எடுத்தார். அவர்களில் டாரா மெக்கார்த்திக்கு வயது 19. அந்தப் பருவத்திலேயே இரண்டு முறை சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனவர், அதில் ஒன்று எங்களுக்கு எதிரான ஆட்டத்தின் தொடக்கத்திலேயே. அதே பையன் இறுதியில் 1-13 அடித்தான். எவ்வளவு வலித்தாலும் அவனைப் பாராட்டாமல் இருக்க முடியாது. இவர்கள் யாருக்கும் ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது, அதையும் மறக்காதீர்கள். 82,000 பேர் முன்னால் ஆடிவிட்டு வேலைக்கும் படிப்புக்கும் திரும்புகிறவர்கள். ஏலத்தில் கோடிக்கணக்கில் பேசப்படும் ஆட்டக்காரர்களைத் திரையில் பார்த்தே வளர்ந்த எனக்கு, மாவட்ட அணியில் ஆடும் ஒருவர் கடையில் பால் வாங்க என் பின்னால் வரிசையில் நின்றது பெரிய விஷயமாகத்தான் இருந்தது.

அந்தக் கோடையில் இன்னொன்றும் நடந்தது. மூடி மறைத்து எழுத எனக்கு விருப்பம் இல்லை. டப்ளினில் இந்தியர்கள் மீது தாக்குதல்கள் நடந்தன. எங்கள் வீட்டிலும் பயம் வந்தது. மகளைப் பயிற்சிக்குத் தனியாக அனுப்பவில்லை, இரண்டு வாரம் ஏதோ காரணம் சொல்லி நிறுத்தினேன். மூன்றாவது வாரம் அவளுடைய கோச் அம்மா எங்கள் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்று, "இனி நானே கூட்டிப் போகிறேன், நானே கொண்டுவந்து விடுகிறேன்" என்றார். நான் காரணம் எதுவும் சொல்லியிருக்கவில்லை, அவரே புரிந்துகொண்டு வந்திருந்தார். கிளப்பில் சேர்த்தால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை, அப்படிப் படித்துவிட்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பஸ்ஸில் முகம் சுளித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் வாசலில் வந்து நின்றது அந்த கிளப் ஆள்தான்.

மகளுக்கு 11 வயது, பெண்களின் ஹர்லிங்கான கமோகி ஆடுகிறாள். என் அம்மா வீடியோ காலில் மட்டையைப் பார்த்துவிட்டு, "மக்களே, பொட்டப் பிள்ளைக்கு எதுக்கு கம்பும் தடியும்?" என்றார். ஊரில் இப்படி என்றால், இங்கேயும் பெண்களை விட்டார்களா? பாவாடை போலத் தைத்த ஸ்கோர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டும் என்று சட்டம் இருந்தது. அரைக்கால் சட்டை போட்டு வந்த டப்ளின், கில்கென்னி அணிகளை 2025 மே மாதம் மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். உடம்போடு ஓடி மோதும் ஆட்டத்தில் எது வசதி என்று ஆடுகிறவளுக்குத் தெரியாதா? அந்த மாதமே வாக்கெடுப்பு நடத்தி விதியை மாற்ற வேண்டியதாயிற்று. எத்தனை வருஷம் கேட்டும் காதில் வாங்காதவர்கள், பெண்கள் மைதானத்தில் இறங்கி நின்ற பிறகுதான் அசைந்தார்கள். இது நீங்கள் கேட்ட கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் பெண் குழந்தை வைத்திருந்தால் உங்களுக்கும் வயிறு எரியும். அதே வருஷம் நவம்பர் 2 அன்று தீப்தி சர்மா அரை சதமும் ஐந்து விக்கெட்டும் எடுத்து இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை வாங்கினார்களே, அந்த ஆட்டத்தை அம்மாவையும் வீடியோ காலில் வைத்துக்கொண்டு மூன்று தலைமுறையாகப் பார்த்தோம். அதற்குப் பிறகு அம்மா கம்பு, தடி என்று பேசுவதில்லை. பயிற்சி எப்போது என்றுதான் கேட்கிறார்.

ஆகவே பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். கிரிக்கெட்டை விட வேண்டாம், நான் விடவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு சனிக்கிழமை காலையில் பயிற்சி இருக்கும். முதலில் போய் ஓரமாக நின்று பாருங்கள், யாராவது டீ கொண்டுவந்து கொடுப்பார்கள். ஹெல்மெட் கட்டாயம், அதை மட்டும் புதிதாக வாங்குங்கள். மட்டை வாங்க அவசரப்பட வேண்டாம். பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும் என்று நினைக்கிறேன். என் மகளுக்குச் சிறியதாகிவிட்ட 28 அங்குல ஹர்லி ஒன்று வீட்டில் இருக்கிறது. பிடி டேப் கொஞ்சம் பிரிந்திருக்கிறது, பெரியவரிடம் கொடுத்தால் சுற்றித் தந்துவிடுவார். உயரம் சரிவருமா என்று மட்டும் எழுதுங்கள்.