லுலுவின் சிரிப்பு

அன்புள்ள சார்,

பழைய பிரெஞ்சுப் படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ழான் ரெனுவாரின் ‘லா ஷியென்’ (1931) பார்த்தேன். வயதான காசாளர் லெக்ரான், லுலு என்ற பெண் மேல் பைத்தியமாகிக் கடைசியில் அவளைக் கொன்றுவிடுகிறார். தூக்குமேடை அவள் காதலன் தெதேவுக்கு. இவரோ பிச்சைக்காரராகச் சிரித்துக்கொண்டு திரிகிறார். எனக்குக் கோபம்தான் வந்தது. மனசாட்சி கொஞ்சம்கூட உறுத்தாதா? இதற்குக் காதல் என்று பெயரா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

தெதேவுக்குக் கிடைப்பது தூக்கு அல்ல, கில்லட்டின், அதாவது தலையை வெட்டும் இயந்திரம். அதை விடுங்கள்.

உறுத்தும் மனசாட்சி வேண்டுமென்றால், ஃப்ரிட்ஸ் லாங் 1945இல் இதே கதையை ஹாலிவுட்டில் ‘ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்’ என்று எடுத்தார். அதில் செத்தவர்களின் குரல் கொலைகாரனை விடாமல் துரத்தும். நல்ல படம்தான். ஆனால் அந்தக் குரல்கள் அவனுக்காக வைத்தவை அல்ல, நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போவதற்காக வைத்தவை என்றே எனக்குப் படும். ரெனுவார் அந்த நிம்மதியைத் தருவதில்லை. முதலிலேயே பொம்மலாட்டப் பொம்மை ஒன்று வந்து, இதில் நீதி எதுவும் கிடையாது என்று சொல்லிவிடுகிறதே!

காதலா என்றால், படத்தில் பித்துப் பிடித்தவர்கள் இரண்டு பேர். லெக்ரானை மட்டுமே பார்த்தால் பாதிப் படம் தவறிப்போகும். வீட்டில் அவர் மனைவி, போரில் இறந்துபோன முதல் கணவனின் படத்தை மாட்டி வைத்து, அவன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று குத்திக் காட்டிக்கொண்டே இருக்கிறாள். (அவன் சாகவே இல்லை என்பது தனி வேடிக்கை.) இவர் வரையும் படங்கள் அவளுக்குக் குப்பை. அப்படிப்பட்டவருக்கு லுலு கிடைக்கிறாள். சரி, லுலுவுக்கு? தெதே அவளை அடிக்கிறான், பணத்துக்காகப் பிழிகிறான், லெக்ரானின் ஓவியங்களை அவள் வரைந்தவை என்று சொல்லி விற்கிறான். அவளோ அவனையே சுற்றுகிறாள். லெக்ரானுக்கு அவள் எப்படியோ, அவளுக்கு அவன் அப்படி. படத்தின் பெயர் ‘பெட்டை நாய்’ என்று அவளைத் திட்டுகிறது. படம் திட்டவில்லை.

கொலையை இன்னொரு முறை பாருங்கள். இருவரையும் ஒரே படுக்கையில் பார்த்த இரவில் லெக்ரான் யாரையும் தொடவில்லை. மறுநாள் திரும்பி வந்து கெஞ்சுகிறார். புத்தகத்தின் பக்கங்களைப் பிரிக்கிற கத்தியோடு படுக்கையில் கிடக்கும் லுலு சிரித்துவிடுகிறாள். துரோகத்தைத் தாங்கிய மனுஷனால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. கத்தி இறங்குவதை நாம் பார்ப்பதில்லை. கேமரா தெருவில் பாட்டுக் கேட்கும் கூட்டத்தோடு நிற்கிறது. பேசும் படம் வந்த புதிதில், மைக்கைத் தூக்கிக்கொண்டு பாரிஸின் மோன்மார்த்ர் பகுதித் தெருக்களுக்கே போய் ஒலிப்பதிவு செய்தவர் ரெனுவார். அந்தப் பிடிவாதம் இந்த இடத்தில்தான் பலிக்கிறது. பாட்டு ஓய்வதற்குள் மேலே எல்லாம் முடிந்துவிடுகிறது. லெக்ரான் இறங்கி, கூட்டத்தைத் தாண்டிப் போகிறார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் தெதே காரில் வந்து இறங்குகிறான், எல்லோரும் பார்க்கிறார்கள். அவன் தலை போவது அதனால்தான்.

கடைசியில் அவர் சிரிப்பது எனக்கு மகிழ்ச்சியாகத் தெரியவில்லை. ஓவியக் கடையிலிருந்து அவர் தன்னையே வரைந்த படத்தை யாரோ வாங்கிக் காரில் ஏற்றுகிறார்கள். கார் கிளம்புகிறது, அந்த முகம் நம்மைப் பார்த்தபடியே தள்ளிப் போகிறது. லெக்ரானுக்கோ கையில் கிடைத்த காசில் என்ன சாப்பிடலாம் என்ற யோசனை.