வெளிநாட்டு விற்பனையும் பங்கு விலையும்

கேள்வி: 2019 ஜனவரியில் ஆப்பிள் பங்கின் விலை ஒரே நாளில் சுமார் 10 சதவீதம் சரிந்தது. அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பங்கைச் சீன விற்பனை இந்த அளவுக்குப் பாதிப்பது ஏன்?

பதில்: மேக் கணினிகளையும் ஐபோன்களையும் விற்கும் ஆப்பிள், 2018 டிசம்பரில் முடிந்த காலாண்டில் தன் வருவாயில் 62 சதவீதத்தை அமெரிக்காவுக்கு வெளியேதான் ஈட்டியது. அக்காலாண்டில் 8,900 கோடி முதல் 9,300 கோடி டாலர் வரை வருவாய் கிடைக்கும் என்று நிறுவனம் முன்னர் அறிவித்திருந்தது. ஜனவரி 2 அன்று முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சுமார் 8,400 கோடியாகக் குறைத்த ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக், தைவானும் ஹாங்காங்கும் அடங்கிய சீனப் பகுதியின் மந்தநிலையை முதன்மைக் காரணமாகக் காட்டினார். அப்பகுதியின் காலாண்டு விற்பனை ஓராண்டில் சுமார் 1,800 கோடியிலிருந்து 1,320 கோடி டாலராக இறங்கியிருந்தது.

டாலர் வலுவடைந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: யுவானிலோ யூரோவிலோ அதே தொகைக்கு விற்றாலும், கணக்கில் டாலராக மாற்றும்போது வருவாய் குறைந்துவிடுகிறது. எனினும், என் பார்வையில், தொகையைவிட எதிர்பார்ப்பு உடைந்ததே பங்கை அதிகம் வீழ்த்தியது. ஆப்பிள் தன் வருவாய் மதிப்பீட்டை இவ்வாறு குறைத்தது 15 ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் அதுவே முதன்முறை. அச்சத்தில் விற்றவர்களை எண்ணி இன்றும் வருந்துகிறேன், ஏனெனில் அவ்வாண்டு முடிவில் அப்பங்கு 80 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்திருந்தது.