ஒத்தவாடைத் தெரு – கடிதம்

அன்புள்ள அண்ணா,

போன மாதம் குடும்பத்தோடு மாமல்லபுரம் போயிருந்தோம். கடற்கரைக் கோயில் அருமை. ஆனால் ஒத்தவாடைத் தெருவில் வீட்டுக்கு வீடு லாட்ஜ், துணிக்கடை, சாப்பாட்டுக்கடை. மீனவர் வீடுகளைக்கூட விட்டுவைக்கவில்லை. இதையெல்லாம் எடுத்துவிட்டு மொத்தமாக ஒரு பெரிய நிறுவனத்திடம் கொடுத்தால்தான் ஊர் முன்னேறும் என்று படுகிறது. உங்கள் கருத்து?

ஆர்., வேலூர்

அன்புள்ள ஆர்.,

அந்தத் தெருவை எடுத்துவிட்டால் மாமல்லபுரம், ஒன்றரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு பஸ் ஏறுகிற ஊராகிவிடும். ரதங்களும் கோயிலும் பல்லவர் கொடுத்தவை, 1984-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தன, சரி. ஆனால் வந்தவர் இரண்டு ராத்திரி தங்கலாம் என்று நினைக்கவைத்தது குப்பத்து ஜனங்கள். முதுகில் பையோடு வந்தவர்களுக்கு வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள், காலையில் பிடித்த மீனை மத்தியானம் வறுத்துப் போட்டார்கள், அப்புறம் கையில் காசு சேரச் சேர மாடி எழுப்பினார்கள். நான் ஒருமுறை தங்கிய வீட்டில் அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து அரிவாள்மனையில் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டே, மாடியில் நின்ற வெள்ளைக்காரரிடம் காரம் எவ்வளவு போடலாம் என்று விரலை மடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாங்கும் வாடகை சாயங்காலத்துக்குள் மளிகைக்கடைக்கும் தையல்காரருக்கும் போய்விடும். ஈசிஆரில் மதிலுக்குள் இருக்கிற ரிசார்ட்டில் தங்குபவர் சாப்பாடு, குளியல் எல்லாவற்றையும் உள்ளேயே முடித்துக்கொள்கிறார்.

சிற்பிகளும் அப்படித்தான். 1957-இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியில் படித்தவர்களில் பலர் அங்கேயே பட்டறை போட்டதால்தான் இன்றைக்கும் அந்த ஊரில் உளிச் சத்தம் கேட்கிறது. 2017-இல் அந்தக் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடலுக்குள் கோயில்கள் மூழ்கிக் கிடக்கின்றன என்று மீனவர்கள் தலைமுறையாகச் சொல்லிவந்த கதையை நம்பித்தான் 2002-இல் ஆய்வாளர்கள் அங்கே கடலில் முக்குளித்துத் தேடினார்கள், கட்டுமானங்களையும் பார்த்தார்கள்.

நீங்கள் சொல்லும் நெரிசல் உண்மை. குப்பை, கழிவுநீர் எல்லாம் எனக்கும் வேதனைதான். ஆனால் 2010-இல் திருத்திய சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்க வேண்டும். சின்னங்களைக் காக்க இது தேவை, மறுக்கவில்லை. ஆனால் ஊரே சின்னங்களுக்கு நடுவில் இருக்கும்போது, மகனுக்குக் கல்யாணமானால் ஓர் அறை கூடுதலாகப் போட என்ன வழி என்று அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டாமா? 2019 அக்டோபரில் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தபோது சாலையோரக் கடைகளை அகற்றினார்கள். படங்களில் ஊர் பளிச்சென்று இருந்தது. சங்குமாலை விற்றுப் பிழைத்தவர்களை நினைத்து எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

திட்டம் போடும் மேசையில் லாட்ஜ்காரர், சிற்பி, மீன் விற்கும் பெண் மூவருக்கும் நாற்காலி போடுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன். எந்தச் சந்தில் மழைத்தண்ணீர் தேங்கும், எந்த மாதம் கூட்டம் வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த தடவை குப்பத்து வீடு ஒன்றில் அறை எடுத்துத் தங்குங்கள். விடிந்ததும் கரைக்குப் போனால் போட்டுகள் வந்து சேர்வதைப் பார்க்கலாம், குழந்தைகளையும் எழுப்பிக் கூட்டிப்போங்கள்.