பஞ்சர் ஒட்டுவது யார்?

கேள்வி: வெளிநாட்டு நகரங்களில் இருப்பதுபோல் சேலம் ஜங்ஷன், புது பஸ் ஸ்டாண்ட், ஐந்து ரோடு பக்கமெல்லாம் இலவசப் பொது சைக்கிள் வைக்கலாமே? வேண்டியவர் எடுத்து ஓட்டிவிட்டு, போகிற இடத்தில் விட்டுவிடலாம். என் கணவரோ, "நம்ம ஊரில் ஒரே வாரத்தில் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்" என்கிறார். இந்தத் திட்டம் நிலைக்குமா?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: நிலைக்கும். ஆனால் சைக்கிள் வாங்கப் பணம் ஒதுக்குவதோடு கையைக் கழுவிவிட்டால் நிலைக்காது.

முதலில் உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. நம் ஜனங்களை மட்டும் திருடர்களாக்க வேண்டாம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ், உலகமே மதிக்கும் பல்கலைக்கழக ஊர். அங்கே 1993-ல் சுமார் 300 பச்சை சைக்கிள்களைப் பூட்டில்லாமல் தெருவில் விட்டார்கள். வந்த வேகத்தில் காணாமல் போயின. பாரிஸில் 2007-ல் தொடங்கிய வெலிப் என்ற பொது சைக்கிள் திட்டத்தில் பூட்டு, அட்டை எல்லாம் உண்டு. அங்கேயும் முதல் இரண்டு வருடங்களில் ஆயிரக்கணக்கில் திருடு போயின, உடைக்கப்பட்டன. ஆம்ஸ்டர்டாமில் 1965-ல் சில இளைஞர்கள் வெள்ளை சைக்கிள்களை ஊருக்குப் பொதுவாக விட்டபோது, பூட்டாத சைக்கிள் சட்டப்படி குற்றம் என்று போலீஸே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அத்தனை சேதத்துக்குப் பிறகும் பாரிஸ் திட்டம் ஏன் ஓடுகிறது? உடைந்ததைச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பு ஒப்பந்தத்திலேயே இருந்தது. நகரத்தில் விளம்பரப் பலகை வைக்கும் உரிமைக்குப் பதிலாக ஒரு விளம்பர நிறுவனம்தான் பல வருடங்கள் சைக்கிள்களைப் பராமரித்தது. சீனாவின் ஹாங்சோ நகரில் 2008 முதல் அரசே நடத்துகிறது. முதல் ஒரு மணி நேரம் இலவசம் என்பதால் பெரும்பாலோர் காசே கொடுப்பதில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1995 முதல் 20 குரோனர் நாணயத்தைப் போட்டு சைக்கிளை எடுப்பார்கள், திருப்பி வைத்தால் நாணயம் திரும்ப வந்துவிடும். 2012 வரை ஓடி, நகர நிர்வாகம் பணம் கொடுப்பதை நிறுத்தியதும் நின்றுபோனது. லாபத்தை எதிர்பார்த்து வந்த தனியார் கம்பெனிகளின் கதை இன்னும் மோசம். கோயம்புத்தூருக்கு 2018-ல் மஞ்சள் சைக்கிள்களோடு வந்த ஓஃபோ என்ற சீனக் கம்பெனி, அதே வருடம் இந்தியாவை விட்டே கிளம்பிவிட்டது.

இலவசம் என்றாலே நிலைக்காது என்று சொல்கிறவர்கள், நம் டவுன் பஸ்ஸைப் பார்க்கட்டும். 2021 மே மாதத்திலிருந்து பெண்கள் கட்டணமில்லாமல் போகிறார்கள். டிரைவருக்குச் சம்பளமும் வண்டிக்கு டீசலும் நிற்கவில்லை, ஏனென்றால் அரசு வருடா வருடம் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கிப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. பொது சைக்கிளுக்கும் அந்த வருடாந்திர ஒதுக்கீடுதான் வேண்டும்.

பராமரிப்பு என்றால் என்ன என்று நம் ஊர் வாடகை சைக்கிள் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். மட்கார்டில் பெயின்டால் எழுதிய நம்பர், நோட்டில் எடுத்த நேரம். சைக்கிள் திரும்பி வந்ததும் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ரிம் ஆடுகிறதா என்று கடைக்காரர் குனிந்து பார்ப்பார். பிரேக் கட்டை உரசுகிறதா, செயின் தொங்குகிறதா என்று பார்த்து அங்கேயே சரிசெய்துவிடுவார். காற்று இறங்கியிருந்தால் டியூபைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தில் பஞ்சர் ஒட்டுவார். ஒவ்வொரு சைக்கிளும் ஓடிவந்ததும் ஒருவர் கைக்குப் போனது, அதனால்தான் ஒரே வண்டி பல வருடம் உழைத்தது. வெயிலிலும் மழையிலும் நிற்கிற பொது சைக்கிளுக்கு இந்தக் கவனிப்பு இன்னும் அதிகமாகத் தேவை. ஒரு பெடல் கழன்ற வண்டி ஒரு வாரம் அப்படியே நின்றால், அடுத்த வாரம் அதன் சீட்டும் இருக்காது. கவனிப்பார் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கை நீளும்.

இன்னொரு செலவும் உண்டு, பலரும் மறந்துவிடுவது. காலையில் எல்லோரும் ஜங்ஷனில் எடுத்துக் கலெக்டர் ஆபீஸ் பக்கம் விட்டால், பத்து மணிக்கு ஜங்ஷனில் ஒரு வண்டியும் மிஞ்சாது. வேனில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்து வைக்க ஆள் வேண்டும். மேடான ஊரென்றால் இது இன்னும் சிரமம். பாரிஸில் உயரமான பகுதி நிலையங்களில் கொண்டுபோய் விடுபவர்களுக்குக் கூடுதலாக 15 நிமிடம் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால், ஏற்காட்டுக்கும் இதைக் கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால், ஏரியைச் சுற்றி மட்டும் வையுங்கள் என்பேன். 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க எல்லோரும் வருவார்கள், மிதித்து ஏற யார் வருவார்கள்? சரியாகப் பிடிக்காத பிரேக்கோடு அந்த இறக்கத்தில் ஒரு பிள்ளையை அனுப்ப எனக்கு மனம் வராது.

சேலம் நகருக்குள் அந்தச் சிக்கல் குறைவு. சுற்றிலும் மலை இருந்தாலும் ஊர் பெரும்பாலும் சமதளம். ஜங்ஷன், ஐந்து ரோடு, புது பஸ் ஸ்டாண்ட், அஸ்தம்பட்டி என்று நான்கு இடத்தில் கூரையோடு தொடங்கலாம். போன் நம்பரைப் பதிந்துகொண்டு, முதல் அரை மணி நேரம் இலவசமாகக் கொடுக்கலாம். வாடகைக் கடை மூடிய மெக்கானிக்குகளை மாதச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும், டெண்டரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்பெனியை அல்ல. இரண்டு சக்கர வாகன நிறுத்தங்களில் வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கென்றே எழுதி வைக்கலாம். பஸ் இறங்கிக் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோவுக்குக் காசு எண்ணிப் பார்க்கிற மாணவருக்கும், வேலைக்குப் போகிற பெண்ணுக்கும் அது தினமும் மிச்சம்.

உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது கணவரையும் அழைத்துக்கொண்டு போய் இதைக் கேளுங்கள். எத்தனை சைக்கிள், என்ன நிறம் என்று கேட்காதீர்கள். மூன்றாவது வருடம் பஞ்சர் ஒட்டுகிறவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று கேட்டு, பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.