மாடியில் இருக்கும் பையன்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திண்டுக்கல்லில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். எதிலும் ஆர்வமே இல்லை. டியூஷன் வைத்தோம், அபாகஸ் சேர்த்தோம், கராத்தேக்கு அனுப்பினோம். எதுவும் மூன்று மாதம் தாண்டவில்லை. பள்ளி விட்டு வந்தால் பையை வீசிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்ப் புறாக்களோடு உட்கார்ந்துவிடுகிறான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுக்கப் புறாக் கணக்குதான். போன வாரம், தேர்வுக்கு முதல்நாள் இரவு, ஒரு ஜோடி முட்டையிட்டிருக்கிறது என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு நான்கு முறை மாடி ஏறினான்.

இணையவழியில் கோடிங் கற்றுக்கொடுக்கும் நிறுவனத்திலிருந்து ஒருவர் தினமும் போன் செய்கிறார். கோடிங் கற்றால் பிள்ளை தானாகவே படிக்க ஆரம்பிப்பான் என்கிறார். ஆண்டுக்கு 42,000 ரூபாய், தவணையில் கட்டலாமாம். வளையலை அடகு வைக்கலாம் என்கிறாள் மனைவி. இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கோடிங் ஊக்கம் தருமா?

கே.,
திண்டுக்கல்

அன்புள்ள கே.,

வளையலை அடகு வைக்க வேண்டாம். அந்த போன் நாளையும் வரும் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இரண்டு பழைய கணினிகள் இருக்கின்றன. சனிக்கிழமை காலைகளில் அங்கே வரும் பிள்ளைகளுக்கு லோகோ சொல்லித் தருகிறேன். 1967இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய சகாக்களும் பிள்ளைகளுக்கென்றே உருவாக்கிய நிரல்மொழி, அதாவது கோடிங் எழுதும் மொழி, அது. திரையில் ஓர் ஆமை இருக்கும். முன்னே போ, வலப்பக்கம் திரும்பு என்று எழுதினால் அப்படியே நகர்ந்து, போகும் வழியெல்லாம் கோடு போடும்.

ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்தாள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள் என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். முதல் நாளே சதுரம் போட்டுவிட்டாள். அடுத்து முக்கோணம். முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று பள்ளியில் படித்திருந்ததால், ஒவ்வொரு மூலையிலும் 60 பாகை திரும்பும்படி எழுதினாள். ஆமை மூன்று கோடுகளைப் போட்டு, வாய் திறந்த கிண்ணம் போல ஓர் உருவத்தை வரைந்துவிட்டு நின்றது. விடை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது; அடக்கிக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு எழுந்து நூலகத் தரையில் முக்கோணம் நடந்தாள். மூலை வந்ததும் நின்று மெல்லத் திரும்பினாள். கிட்டத்தட்ட வந்த வழியையே பார்க்கும் அளவுக்குத் திரும்பினால்தான் அடுத்த பக்கத்தில் காலெடுத்து வைக்க முடிந்தது. "உள்ளே இருக்கும் கோணம் வேறு, நான் திரும்புவது வேறு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். போய் 120 என்று தட்டினாள். கோடு மூடிக்கொண்டது.

அந்த அரை மணி நேரத்தில் அவளிடம் யாரும் தப்பு என்று சொல்லவில்லை. பள்ளியில் செய்யும் தவறு சிவப்பு மையில் மதிப்பெண்ணாகி, அப்பாவின் கையெழுத்துக்காக வீடுவரை வருகிறது. திரையில் செய்த தவறு, மூடாத ஒரு கோடாக நிற்கிறது, திருத்தினால் போய்விடுகிறது. நாள்தோறும் தோற்றுத் தோற்று, முயல்வதையே விட்டுவிட்ட பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. அடுத்த சனிக்கிழமை நூலகம் திறப்பதற்கு முன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் அதே அறையில், அதே ஆமையோடு, அப்பாக்கள் கொண்டுவந்து விட்ட இரண்டு பையன்களும் இருந்தார்கள். நான் சொன்னதை எழுதினார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், ஒரு மாதத்தில் நின்றுவிட்டார்கள். அந்தச் சிறுமிக்கும் பள்ளிக் கணக்கில் அந்த ஆண்டு மதிப்பெண் கூடவில்லை. இதையும் நான் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்வியியல் கல்லூரியில் ராய் பீ, மிடியன் கர்லண்ட் இருவரும் லோகோ கற்ற பிள்ளைகளையும் கற்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு வேலையைத் திட்டமிட்டுச் செய்யும் திறனில் லோகோ கற்றவர்கள் மற்றவர்களை மிஞ்சவில்லை. 1984இல் வெளிவந்த முடிவு இது. கோடிங் கற்றால் தானாகவே படிப்பான் என்று உங்களுக்கு போன் செய்பவர், நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆட்டம் கண்ட நம்பிக்கையைத்தான் 42,000 ரூபாய்க்கு விற்கிறார்.

பேப்பர்ட் தம் சிறுவயதைப் பற்றி எழுதியிருக்கிறார். மழலைப் பருவத்திலேயே அவருக்குக் காரின் பற்சக்கரங்கள் மீது தீராத பிரியம். பின்னாளில் கணிதச் சமன்பாடுகளை அந்தச் சக்கரங்களாக மனதில் ஓட்டிப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாராம். அதற்காக எல்லாப் பிள்ளைகளுக்கும் பற்சக்கரம் வாங்கிக் கொடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. தாம் அவற்றின் மேல் காதல் கொண்டதுதான் முக்கியம் என்றார்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 'எதிலும் ஆர்வமே இல்லை' என்று எழுதிய கையோடு, டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரே இரவில் நான்கு முறை மாடி ஏறிய பையனைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். புறா பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். ஏறக்குறைய 18 நாளில் பொரிக்கும். பகலில் ஆணும் இரவில் பெண்ணும் அடைகாக்கும். குஞ்சுக்கு ஊட்டும் பால் போன்ற உணவு இரண்டின் தொண்டைப் பையிலும் சுரக்கும். எனக்கு இவையெல்லாம் படித்துத் தெரிந்தவை. அவனுக்குப் பார்த்தே தெரிந்திருக்கும். நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவன் என்ன எழுதுகிறான் என்று நீங்கள் சொல்லவில்லை. எது எத்தனை மணிக்குப் பறந்தது, எப்போது இறங்கியது, எந்த ஜோடிக்கு எந்தக் குஞ்சு என்பதாக இருக்கலாம். யாரும் கேட்காமல், மதிப்பெண் இல்லாமல், ஒரு பையன் நாள் தவறாமல் கணக்கு வைக்கிறான். இதற்கு மேல் ஊக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கேதான் ஒரு பயமும் வருகிறது. இதைப் படித்துவிட்டு, 'புறாவை வைத்தே ஒரு நிரல் எழுது, செல்போன் வாங்கித் தருகிறேன்' என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள். 1973இல் மார்க் லெப்பர் முதலிய மூவர் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில் செய்த ஆய்வு இருக்கிறது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், தரவும் செய்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், மற்றக் குழந்தைகள் வரைந்த நேரத்தில் அந்தக் குழந்தைகள் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். பரிசு ஆசையைத் தின்றுவிட்டது. மாடி ஒன்றுதான் இப்போது அவனுக்கென்று இருக்கும் இடம். அதையும் டியூஷன் ஆக்கிவிடக் கூடாது.

நிரல் கற்பதையே வேண்டாம் என்கிறேனா? இல்லை, மனதார விரும்புகிறேன். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் பிள்ளைகளுக்காக உருவாக்கி 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் என்ற நிரல்மொழி இலவசம். கட்டைகளை அடுக்குவது போலக் கட்டளைகளை அடுக்கி ஒரு பறவையைத் திரையில் பறக்க வைத்துவிடலாம். கடையில் பில் போடும் கணினியில் நிறுவி வையுங்கள். நீங்களே ஒருநாள் உட்கார்ந்து தட்டுத் தடுமாறிச் செய்யுங்கள்; அவன் பார்க்கட்டும். அவனுக்குத் தோன்றினால் வருவான். வந்தால், விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

கணக்குப் பாடம் தனி விஷயம். எங்கே விட்டான் என்று ஆசிரியரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் பார்த்த பிள்ளைகளில் பலர் பின்னத்தில்தான் விட்டிருந்தார்கள்.

இன்னொன்று. புறாக்களையும் அவன் கைவிட்டால், தூக்கமும் சாப்பாடும் மாறினால், யாரோடும் பேசாமல் இருந்தால், அதைச் சோம்பல் என்று எண்ணாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், அதாவது அரசின் மனநல உதவி எண்ணிலும், கட்டணமில்லாமல் பேசலாம்.

இப்போதைக்கு, இன்று கடை அடைத்ததும் நீங்களும் மாடிக்குப் போங்கள். தேர்வைப் பற்றிப் பேச வேண்டாம். அந்த முட்டைகள் என்றைக்குப் பொரிக்கும் என்று மட்டும் கேளுங்கள். தேதி சொல்வான்.