பெருவிரல் அடியில் வலி: கீபோர்ட் வாங்கினால் சரியாகுமா?

கேள்வி: எனக்கு 33 வயது. நொத்தாரிசு ஒருவருக்கு உறுதிகள் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். முன்பு கந்தோரில் கொம்பியூட்டரில் அடித்தபோது ஒரு தொந்தரவும் இருக்கவில்லை. குழந்தை கிடைத்த பிறகு வீட்டிலிருந்தபடியே போனில் அடித்து அனுப்புகிறேன், ஒரு நாளைக்கு நாலைந்து மணித்தியாலம். இரண்டு மாதமாக வலது பெருவிரலின் அடியில், மணிக்கட்டோரம் குத்துகிறது. போத்தல் மூடி திறக்க முடியவில்லை. ஐந்து மாதப் பிள்ளையைத் தூக்கும்போது உயிர் போகிறது. தைலம் பூசி உருவியும் குறையவில்லை. கீபோர்ட் வாங்கினால் சரியாகுமா? கீபோர்டில் அடித்தால்தான் கை நரம்பு கெடும் என்கிறார் அக்கா.
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: கீபோர்ட் வாங்குங்கள், அது நல்ல யோசனைதான். ஆனால் அதை மட்டும் வாங்கிவிட்டு இருந்தால் வலி போகாது. போனைப் பற்றி நீங்கள் நிறைய எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையைத் தூக்கும்போது வலிக்கிறது என்பதைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

பெருவிரலை வெளிப்பக்கம் விரிக்கவும் நிமிர்த்தவும் இரண்டு தசைநாண்கள் உண்டு. மணிக்கட்டின் பெருவிரல் பக்கத்தில், எலும்பு சற்றுப் புடைத்திருக்கும் இடத்தில், இரண்டும் ஒரே ஒடுங்கிய உறைக்குள்ளால் போகின்றன. விரல் ஓயாமல் விரிந்து மடங்கும்போது அந்த உறை தடித்து, உள்ளே தசைநாண் உராய்கிறது. சுவிஸ் சத்திரசிகிச்சை நிபுணர் டி குவேர்வன் 1895இல் விவரித்ததால் அவர் பெயராலேயே இந்த நோயை அழைக்கிறோம். அந்தக் காலத்தில் துணி பிழிபவர்களின் நோய் என்றே இதைச் சொல்வார்கள். ஆகவே போன் வந்துதான் இந்த நோய் வந்தது என்றில்லை. பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களில் தாய்மாருக்கு இது அதிகமாகவே வரும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, மற்ற நான்கு விரல்களாலும் மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சரியுங்கள். நல்ல கையிலும் கொஞ்சம் இழுக்கும், அதனால் இரண்டு கையிலும் செய்து ஒப்பிடுங்கள். வலது கையில் அந்தப் புடைப்பின் மேல் சுள்ளென்று குத்தினால் பெரும்பாலும் இந்த நோய்தான். வெட்டி இழுக்க வேண்டாம், ஒரு தடவை போதும்.

கந்தோரில் வராத வலி வீட்டில் ஏன் வந்தது? கீபோர்டில் எட்டு விரல்கள் எழுத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, பெருவிரலுக்கு இடைவெளி விசை மட்டும்தான். போனிலோ ஏறக்குறைய 200 கிராம் எடையைத் தாங்குவதும் அதே கை, எழுத்தைத் தேடித் திரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவதும் அதே பெருவிரல்.

இன்னொன்றும் உண்டு. கீபோர்ட் விசை சில மில்லிமீற்றர் கீழே போய்த் திரும்ப எழும்புகிறது. எழுத்து விழுந்துவிட்டது என்று விரலுக்கே தெரியும், விசைகளின் மேல் விரலை வைத்து ஆறவும் முடியும். கண்ணாடித் திரைக்கு அழுத்தமே தேவையில்லை, விரலின் மின்னேற்றத்தைத்தான் அது உணர்கிறது. ஆனால் விரலுக்கு அது தெரியாதே! தேவைக்கு மேல் இடிக்கிறோம். பட்டுவிடக் கூடாதென்று மற்ற நேரமெல்லாம் விரலை அந்தரத்தில் தூக்கிப் பிடிக்கிறோம். அப்படித் தூக்கிப் பிடிக்கும் வேலையும் அந்த இரண்டு தசைநாண்களுடையதுதான். கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் விரல் வியர்த்து ஈரமானால் திரை தப்பான எழுத்தைப் போடும். அழித்து அடிப்பதில் உழைப்பு இரட்டிப்பாகும், பக்கத்தில் ஒரு பருத்தித் துணி வைத்துத் துடையுங்கள். ஒரு வரிச் செய்திக்கு இதெல்லாம் பொருட்டில்லை. எல்லை, பரப்பு, சாட்சி எல்லாம் எழுதும் முழு உறுதியைப் பெருவிரலால் அடிப்பது கைக்குச் செய்யும் அநியாயம்.

இனிப் பிள்ளை. கக்கத்தில் கை கொடுத்து, பெருவிரலை அகல விரித்துத் தூக்கினால் பிள்ளையின் முழுப் பாரமும் அந்த உறையில்தான் விழும். உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, ஒரு முன்னங்கையைப் பிள்ளையின் பின்பக்கத்துக்குக் கீழும் மற்றதை முதுகுக்குப் பின்னாலும் கொடுத்து, பெருவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி வைத்துத் தூக்குங்கள். பால் கொடுக்கும்போது தலையை மணிக்கட்டு மடிந்த நிலையில் ஏந்தாமல் தலையணை வைத்துத் தாங்குங்கள். தேங்காய் திருவுவதையும் துணி பிழிவதையும் ஒரு மாதத்துக்கு வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். அக்காவிடமே கேட்கலாம்.

தைலம் பூசுவதில் பிழையில்லை, உருவுவதுதான் பிழை. வீங்கிய உறையை அழுத்தித் தேய்த்தால் இன்னும் வீங்கும். ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை வையுங்கள். கன்னியா வெந்நீர் ஊற்றுக்கெல்லாம் இப்போது போக வேண்டாம், இறுக்கம் மட்டும் மிஞ்சும்போது சூடு இதமாக இருக்கும்.

பார்மசியில் பட்டி கேட்டால் சாதாரண மணிக்கட்டுப் பட்டியைத் தருவார்கள். அதில் பெருவிரல் சும்மா ஆடிக்கொண்டிருக்கும், பயனில்லை. பெருவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் தாங்கிதான் வேண்டும். நான்கு வாரம் அணிந்து, நாளுக்கு நாலைந்து தடவை கழற்றி விரல்களை மெதுவாக அசையுங்கள். றப்பர் பந்தை அமுக்கும் பயிற்சி வலி அடங்கும் வரை கூடாது.

வலிக்குப் பரசிற்றமோல் 500 மில்லிகிராம் இரண்டு வில்லைகள், ஆறு மணித்தியால இடைவெளியில், ஒரு நாளில் எட்டு வில்லைக்கு மேல் வேண்டாம். உங்கள் எடை 50 கிலோவுக்குக் குறைவென்றால் அளவைக் கேட்டு எடுங்கள். பாலூட்டும்போதும் இதை எடுக்கலாம். டைக்ளோபெனாக் ஜெல் பூசினால் அது பிள்ளையின் வாயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் இருக்கும்போது டைக்ளோபெனாக், இபுபுரோபென் வில்லைகள் வேண்டவே வேண்டாம். டெங்காக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

கீபோர்டுக்கு வருவோம். வீட்டில் பழைய யூஎஸ்பி கீபோர்ட் கிடந்தால் போனின் சார்ஜ் துளையில் செருகும் ஓடிஜி இணைப்பி ஒன்றால் போனிலேயே பொருத்திப் பார்க்கலாம். புதிதென்றால் புளூடூத். கடையிலேயே உங்கள் போனில் இணைத்து, தமிழ் எழுத்து வருகிறதா என்று தட்டிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். போனைப் புத்தக அடுக்கில் சாய்த்துக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் பெருவிரல் வலி கழுத்துக்கு இடம் மாறும். சாப்பாட்டு மேசைகள் ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர் உயரம், தட்டச்சுக்கு அது அதிகம். முழங்கை விசைகளின் மட்டத்துக்கு வரும்படி கதிரையில் மெத்தை போட்டு, கால் தொங்கினால் பலகை வையுங்கள். கீபோர்டின் பின்பக்கக் கால்களை மடக்கிவிடுங்கள். அவை நிமிர்ந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கையை எடுத்து ஆறவிடுங்கள்.

ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிப்பவரானால், விசைகளில் தமிழ் எழுத்துகளே இருக்கும் தமிழ்99 அமைப்பைப் பழகலாம். ‘திருகோணமலை’க்கு அதில் பத்துத் தட்டல். ஒலிமுறையில் பதினான்கு எழுத்தும் இரண்டு ஷிப்டும். போனில் அடித்தே ஆகவேண்டிய நேரத்தில் கூகுளின் தட்டச்சுச் செயலியான ஜீபோர்டின் குரல் தட்டச்சில் சொல்லி எழுதுங்கள். பெயர், காணி அளவு, இலக்கங்களை மட்டும் கண்ணால் சரிபாருங்கள், அங்கேதான் அது பிழைவிடும்.

அக்கா சொல்லும் நரம்பு நோய் வேறு. மணிக்கட்டு நரம்பு நெரிபட்டால் வலியை விட விறைப்புத்தான் முன்னே நிற்கும்: பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரலில் மரமரப்பு, இரவில் எழும்பிக் கையை உதற வேண்டியிருக்கும். நீரிழிவு, தைரொயிட் குறைவு, கர்ப்பம் ஆகியவை அதற்குப் பெரிய காரணங்கள். கீபோர்ட் மேல் சுமத்தப்படும் பழிக்குச் சான்று பலவீனமானது. சுண்டுவிரல் மரத்தால் அதுவும் வேறு நரம்பு. முழங்கையை மடித்தபடியே போனைப் பிடித்திருப்பவர்களுக்கு அது வரும்.

நான்கு வாரத்தில் குறையாவிட்டால் மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். உறைக்குள் ஒரு ஸ்டீரோயிட் ஊசி போட்டாலே பலருக்கு வலி அடங்கிவிடும். ஊசி போட்ட இடத்துத் தோல் கொஞ்சம் வெளிறலாம், நீரிழிவு உள்ளவருக்குச் சீனி சில நாள் ஏறும். அதற்கும் கேட்காத சிலருக்குத்தான் உறையைத் திறந்துவிடும் சிறு சத்திரசிகிச்சை. அந்த இடம் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தாலோ, விழுந்து கையூன்றிய பிறகு வலி தொடங்கியிருந்தாலோ நான்கு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள்.